பூனைக்கு எந்த இளைப்பு?

எங்கள் கடையில் ஒரு பூனை இருக்கிறது. கடை என்றால் மாட்டுத் தீவனக் கடை. சின்னமனூரைத் தாண்டிக் கம்பம் போகிற சாலையில், தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் மாறி மாறி வருகிற இடத்தில் இருக்கிறது. தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை எல்லாம் மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்போம். மூட்டை இருந்தால் எலி வரும். எலி வந்தால் பூனை வேண்டும். ஆனால் இந்தப் பூனையை நாங்கள் தேடிக் கொண்டுவரவில்லை. ஒரு மழைக்காலத்தில் குட்டியாக வந்து பருத்திக்கொட்டை மூட்டையின் மேல் ஏறிப் படுத்தது. அப்படியே தங்கிவிட்டது. சாம்பல் நிறம், முதுகில் கோடு. பெயர் வைக்கவில்லை. என் மகள் நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் செய்வாள். அதற்கு வரும்.

அந்தப் பூனைக்கு மூச்சு விட முடியாமல் போனதையும், அதற்கு ஆபரேசன் நடந்ததையும் பிள்ளைகள் நீங்கள் படிப்பதற்காக எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். டாக்டர் சொன்னதில் எனக்குப் புரிந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன்.

முதலில் வந்தது சத்தம்தான். மத்தியானத்தில் மூட்டை மேல் பூனை படுத்திருக்கும். அதன் மூக்கிலிருந்து கர், கர் என்று சத்தம் வரும். பூனை சந்தோசமாக இருந்தால் குர்குர் என்று ஒரு சத்தம் விடுமே, அது இல்லை. இது ஆள் குறட்டை விடுகிற மாதிரி இருந்தது. தவிடு வாங்க வந்தவர்களுக்கு அது ஒரு வேடிக்கை.

"என்ன அண்ணாச்சி, பூனைக்கு நைட் டூட்டியா? இந்தக் கொறட்ட விடுது!"

"சம்பளம் ஒழுங்காக் குடுக்கிறியா அண்ணாச்சி? அம்புட்டு அசதியில தூங்குது!"

நானும் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. மீன் தலையைப் போட்டால் ஓடி வரும், ரெண்டு வாய் தின்னும், பிறகு தலையை உயர்த்தி வாயைத் திறந்து மூச்சு இழுக்கும். மறுபடி தின்னப் போகும். பாதியில் விட்டுவிட்டு மூட்டைக்குத் திரும்பிவிடும். கத்தினால் குரல் கரகரத்தது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

எங்கள் ஊருக்கு வந்து போகிற கால்நடை டாக்டர் ஒருவர் உண்டு. இளம் வயது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், புதிதாக வந்தவர். அவருக்குப் போன் செய்தேன். எங்கேயோ மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் மாடு கத்துகிற சத்தம் கேட்டது.

"சார், எங்க கடைப் பூனை ரொம்ப இளைக்குது சார்."

"சாப்பிடுதா?"

"சாப்புடுது. பாதியில விட்டுருது."

"புழு மருந்து குடுத்திருக்கீங்களா?"

"பூனைக்கா? இல்ல சார்."

"அப்ப குடல் புழுவா இருக்கும். மருந்து சொல்றேன், வாங்கிக் குடுங்க. கொஞ்ச நாள் கழிச்சு எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

மருந்து வாங்கிக் கொடுத்தேன். பூனை என் கையைப் பிறாண்டி வைத்தது, மருந்து உள்ளே போனது. கர், கர் நிற்கவில்லை. ஒருவேளை தவிட்டுத் தூசி மூக்கில் ஏறுகிறது என்று நினைத்தேன். கடையில் தூசிக்குக் குறைச்சல் இல்லை, மூட்டை பிரித்தால் எங்களுக்கே தும்மல் வரும். ஆகவே பூனையை வீட்டுக்குத் தூக்கிப் போனேன். வீட்டில் தூசி இல்லை. இருந்தும் சத்தம் கூடியதே தவிர குறையவில்லை. தூசி காரணம் இல்லை என்று அதிலிருந்து தெரிந்தது. ஆனால் அதைத் தெரிந்துகொண்டதில் வீட்டில் சண்டை வந்துவிட்டது.

என் மகள் ஐந்தாவது படிக்கிறாள். கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு இளைப்பு இருந்தது. பனி விழுகிற மாதங்களில் நெஞ்சு விசில் அடிக்கும். ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை வைத்தால்தான் சரியாகும். இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. இருந்தாலும் என் மனைவி அவள் தூங்கும்போது முதுகில் காது வைத்துக் கேட்டுவிட்டுத்தான் படுப்பாள். எங்கள் பக்கத்தில் பூனை முடி உள்ளே போனால் இளைப்பு வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதனால் பூனை கடையோடு சரி, வீட்டு வாசல்படி ஏறக்கூடாது என்பது என் மனைவி போட்ட சட்டம். அந்தச் சட்டத்தைத்தான் நான் மீறியிருந்தேன்.

பூனை அடுப்படிச் சுவரோரம் உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. என் மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, இதுக்கு இளைக்குதுல்ல?"

"ஆமா."

"இளைப்புப் புடிச்ச பூனையவா வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்கீக? நல்ல பூனையவே நான் படியேற விடல. உங்களுக்குப் புத்தி எங்கன போச்சு?"

"தூசின்னு நெனச்சேன்."

"நெனப்பீக நெனப்பீக. புள்ளைக்கு மறுபடி வந்தா நீங்களா விடிய விடிய மடியில போட்டு உக்காந்திருப்பீக? நாளைக்கே சாக்குல கட்டி ஆத்துக்கு அங்கிட்டு விட்டுட்டு வாங்க."

முல்லையாற்றுக்கு அந்தப் பக்கம் விட்டால் பூனை வீடு திரும்பாது என்பது எங்கள் ஊர்க் கணக்கு. வேண்டாத பூனையை எல்லோரும் அங்கேதான் விடுவார்கள். ஓட முடியாத, மூச்சு வாங்குகிற பூனையை அங்கே விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

மகள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை.

"அம்மா, எனக்குத்தான மொதல்ல வந்துச்சு. அதுக்கு நான்தான் ஒட்டவச்சிருப்பேன்."

"சும்மா இரு."

"கடையில அது மூஞ்சியோட மூஞ்சி வச்சுருக்கேன். எங்கிட்ட இருந்துதான் போயிருக்கும். எனக்கு வந்தப்ப என்னைய ஆத்துக்கு அங்கிட்டு விட்டீகளா?"

என் மனைவி சோற்றுத் தட்டை மகள் பக்கம் நகர்த்தினாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"டாக்டரப் போயிப் பாப்போம். நானும் வாரேன். ஒட்டும்னு சொன்னாகன்னா அப்படியே அத விட்டுட்டுத்தான் வரணும். ஒட்டாதுன்னு சொன்னாகன்னா, கடைக்குப் போகட்டும். இடையில அப்பனும் மகளும் ஏதாச்சும் பேசுனீக, பாத்துக்கங்க."

நான் இளம் டாக்டருக்கு மறுபடி போன் செய்தேன். அவர் எடுத்ததும் கேட்டார்.

"என்ன அண்ணே, சதை போட்டுச்சா?"

"சதையா? மூச்சு விட முடியாமக் கெடக்கு சார்."

"மூச்சா? நீங்க இளைக்குதுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா சார், இளைக்குது."

"மெலிஞ்சு போச்சுன்னுதானே அர்த்தம்?"

"மெலிஞ்சும்தான் போச்சு. ஆனா நான் சொன்னது மூச்சு இளைக்குது சார்."

 அவர், "அதை எங்க ஊர்ல இரைக்குதுன்னு சொல்லுவோம் அண்ணே," என்றார். எங்கள் பேச்சில் ஒரே சொல் ரெண்டுக்கும் ஓடுகிறது. உடம்பு மெலிந்தாலும் இளைக்குது, மூச்சு வாங்கினாலும் இளைக்குது. நான் ஒன்றைச் சொன்னேன், அவர் மற்றதைக் கேட்டார். யாருக்கும் தவறாகத் தெரியவில்லை.

"வாயைத் திறந்து மூச்சு விடுதா?" என்று கேட்டார்.

"விடுது சார்."

அவர் குரல் மாறிவிட்டது. "உடனே தேனிக்குக் கொண்டுபோங்க. எக்ஸ்ரே இருக்கிற இடத்துக்கு. சாக்குல போடாதீங்க, நெஞ்சை அமுக்கிப் பிடிக்காதீங்க, காத்து வர்ற மாதிரி வைங்க. இன்னைக்குச் சாப்பிட எதுவும் குடுக்காதீங்க."

இதைப் பிள்ளைகள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பெரும்பாலும் வெயில் என்று அர்த்தம். பூனை அப்படி இல்லை. பூனை மூக்கால்தான் மூச்சு விடும். சும்மா உட்கார்ந்திருக்கும் பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டால் அதற்கு வேறு வழி இல்லாமல் போய்விட்டது என்று அர்த்தம். அதைத் துரத்திப் பிடிப்பதும் இறுக்கிக் கட்டுவதும்கூட அதைக் கொன்றுவிடும்.

திராட்சை அனுப்புகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் பழைய சேலையை விரித்துப் பூனையை உட்கார வைத்தோம். அதன் மேல் இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டினோம். பெட்டி முழுக்க ஓட்டை, காற்றுக்குக் குறைவில்லை. எங்கள் சரக்கு ஆட்டோவில் மூவரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தோம். பெட்டி மகள் மடியில் இருந்தது. வீரபாண்டி தாண்டித் தேனி வரைக்கும் அவள் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தாள். சத்தம் கொஞ்சம் தாழ்ந்தால் பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஒருவர் கோம்பை ஊர் வேட்டை நாயோடு உட்கார்ந்திருந்தார். செம்பட்டை நிறம், கருத்த மூஞ்சி. நாக்கைத் தொங்கவிட்டு நாய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவர் திராட்சைப் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"பழம்னு நெனச்சேன், பூனையால்ல இருக்கு! பூனைக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? என்னவாம்?"

"இளைக்குதுண்ணே."

"இதுக்கா வந்தீக? எங்க நாயி காலையில இருந்து இளைச்சுக்கிட்டுத்தான் கெடக்கு. அது காலுல முள்ளு ஏறுனதுக்கு வந்திருக்கேன். எங்க ஊரு நாயி பன்னிய மறிச்சுப் பிடிக்கும், ஊசியக் கண்டா என் காலுக்குள்ள பூந்துக்குது."

"அது இளைக்கிறது வேற, இது இளைக்கிறது வேற," என்றாள் மகள்.

"ஏத்தா, இளைப்புல என்னத்தா வேற?"

அதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். வாய் திறந்த பூனை என்று தெரிந்ததும் முள் குத்திய நாய்க்கு முன்னால் எங்களைப் பார்த்தார்கள். அவரே நாயை இழுத்துப் பிடித்து வழி விட்டார்.

டாக்டரம்மா பூனையைத் தொடவில்லை. பெட்டியை மேசையில் வைக்கச் சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் அது சோம்பல் இல்லை என்று பிறகு தெரிந்தது. பூனையைத் தூக்கினால் பயத்தில் மூச்சு மாறிவிடும், மாறாத மூச்சை முதலில் பார்க்க வேண்டுமாம்.

பார்த்துவிட்டுக் கேட்டார்: "சத்தம் எப்ப வருது? மூச்சை இழுக்கும்போதா, விடும்போதா?"

 இத்தனை நாள் கேட்ட சத்தம்தான். இழுக்கும்போதா விடும்போதா என்று நான் கவனித்ததே இல்லை. மகளும் என்னைப் பார்த்தாள்.

என் மனைவி முன்னால் வந்து பெட்டியோடு காதை வைத்தாள். வீட்டில் பூனைப் பக்கம் போகாதவள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இழுக்கும்போதுதாங்க. விடும்போது ஒண்ணுமில்ல." கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள். "எம் புள்ளைக்கு இளைப்பு வந்தப்ப விடும்போதுதான் விசிலடிக்கும். இழுக்கும்போது வராது. இது... இது அந்த இளைப்பு இல்லைங்களே."

"அப்படித்தான் எனக்கும் தெரியுது," என்றார் டாக்டரம்மா.

இழுக்கும்போது சத்தம் வந்தால் மூக்கு, தொண்டைப் பக்கம் அடைப்பு இருக்கலாம். விடும்போது விசில் அடித்தால் நெஞ்சுக்குள் குழாய் சுருங்கியிருக்கலாம். நெஞ்சில் தண்ணீர் கோத்தாலும் மூச்சு வாங்கும். உயரத்திலிருந்து விழுந்தோ வண்டியில் அடிபட்டோ நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற தசை கிழிந்து, குடல் மேலே ஏறினாலும் மூச்சு வாங்கும். எந்த இடம் என்று தெரிந்துதான் வைத்தியம். அவர் பேசிக்கொண்டே பூனையின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு பஞ்சை ஒரு நூல் அளவுக்குப் பிய்த்துப் பூனையின் மூக்குத் துளைக்கு நேராகப் பிடித்தார். ஒரு பக்கம் லேசாக ஆடியது. இன்னொரு பக்கம் ஆடவே இல்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு வெள்ளையாகவும் காற்று கருப்பாகவும் தெரியும் என்று மகளுக்குச் சொல்லிக் காட்டினார். மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே, கருப்பாக ஒரு பாதை இருக்க வேண்டும். இந்தப் பூனைக்கு அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் உருண்டையாக ஏதோ உட்கார்ந்திருந்தது.

"சதை வளந்திருக்கு. காதுக்குள்ள இருந்து ஒரு காம்பு மாதிரி கிளம்பி இங்க வந்து தொங்கும். சின்ன வயசுப் பூனைகளுக்கு வரும். அதான் காத்துப் போகல. வாசனை தெரியாம, முழுங்க முடியாம மெலிஞ்சும் போச்சு."

அந்த இளம் டாக்டர் சதை போட்டுச்சா என்று கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது. சதை போட்டுத்தான் இருந்தது, வேறு இடத்தில்.

என் மனைவி கேட்க வந்ததைக் கேட்டாள். "ஒட்டுமாங்க, டாக்டர்? புள்ளைக்கு இளைப்பு இருந்த ஒடம்பு."

"இந்தச் சதை யாருக்கும் ஒட்டாதும்மா. உங்க பொண்ணுக்கும் வராது. உங்க பொண்ணுகிட்ட இருந்து பூனைக்கும் வந்திருக்காது. ஆனா பூனை முடி சில பிள்ளைங்களுக்கு ஒத்துக்காது, அது தனி விசயம். படுக்கையில விடாதீங்க."

மகள் மேசை ஓரத்தைப் பிடித்திருந்த கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

அடுத்ததை டாக்டரம்மா என்னிடம் சொன்னார். மயக்கம் கொடுத்தால்தான் வாயைத் திறந்து பின்னால் பார்க்க முடியும். சதை கைக்கு எட்டினால் அப்போதே எடுத்துவிடலாம். ஆனால் மூச்சுத் திணறுகிற பூனைக்கு மயக்கம் கொடுப்பதே ஆபத்து. சில பூனைகள் எழுந்திருக்காது. எடுக்காமல் விட்டால் அடைப்பு பெரிதாகி ஒரு நாள் மூச்சு நின்றுவிடும்.

நான் மனைவியைப் பார்த்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் விடச் சொன்னவள் அவள்தான்.

"என்னைய எதுக்குப் பாக்கீக? எடுக்கச் சொல்லுங்க," என்றாள்.

நாங்கள் வெளியே நின்றோம். கதவில் சின்னக் கண்ணாடி இருந்தது. முதலில் தூக்க ஊசி, பிறகு தொண்டைக்குள் குழாய். அந்தக் குழாய் வழியாக மூச்சு போகும், சதை அடைத்தாலும் பயமில்லை. உதவிக்கு நின்றவர் நாக்கை வெளியே இழுத்துப் பிடித்தார். டாக்டரம்மா மழுங்கிய கொக்கி ஒன்றால் அண்ணத்தின் பின் ஓரத்தை, சன்னல் திரையை ஒதுக்குவது போல, முன்னுக்கு இழுத்தார். அதன் பின்னால் இளஞ்சிவப்பாக ஒன்று தெரிந்தது. இடுக்கியால் அதை ஆழமாகக் கவ்வி, மெதுவாக முறுக்கினார். இழுத்தார். மறுபடி முறுக்கினார்.

"கத்தி எங்கப்பா?" என்று மகள் கேட்டாள். "ஆபரேசன்னா கத்தி வேணாமா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். அறுத்தால் காம்பு உள்ளே தங்கி மறுபடி வளரும், வேரோடு வர வேண்டும் என்றுதான் முறுக்கினாராம். வந்துவிட்டது. கொஞ்சம் ரத்தம் வந்தது, பஞ்சு வைத்து அமுக்கினார். சதையைச் சின்னக் கிண்ணத்தில் போட்டு எங்களுக்குக் காட்டினார். தோலை உரித்த பன்னீர் திராட்சை மாதிரி இருந்தது. ஒரு பக்கம் நூல் போல வால் தொங்கியது. அந்த வால் முழுசாக இருக்கிறது, நல்லது என்றார்.

பிறகு தொண்டைக் குழாயை எடுத்துவிட்டு, எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். பூனை ஒருக்களித்துக் கிடந்தது. நாக்கு நுனி வெளியே இருந்தது. சத்தமே இல்லை.

மகள் பக்கத்தில் போனாள். நாக்கைத் தட்டிக் கூப்பிட்டாள். பூனை அசையவில்லை. அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது.

"சத்தமே இல்லப்பா. செத்துப்போச்சாப்பா?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. கர், கர் என்று கேட்டுக் கேட்டு அந்தச் சத்தம்தான் பூனையின் உயிர் என்று ஆகியிருந்தது எங்களுக்கு. டாக்டரம்மா கை கழுவப் போயிருந்தார். உதவியாளர் எதையோ எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். என் மனைவிதான் தட்டிலிருந்து பஞ்சைப் பிய்த்தாள். நூல் அளவுக்குத் திரித்துப் பூனையின் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.  கை ஆடாமல் இருக்க மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

பஞ்சு உள்ளே போய் வெளியே வந்தது. மற்ற துளைக்குப் பிடித்தாள். அங்கேயும் ஆடியது.

"இந்தா பாரு," என்றாள் மகளிடம். "சத்தம் போடாம மூச்சு விடுது. பூனைன்னா இப்படித்தான் விடணும்."

பூனைக்கு மயக்கம் தெளிந்து எச்சில் முழுங்குகிற வரைக்கும் அங்கேயே இருந்தோம். நாய்க்காரர் போகும்போது எட்டிப் பார்த்து, "பொழைச்சுருச்சாத்தா? இனி எலியெல்லாம் சாமி கும்பிட ஆரம்பிச்சுரும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நாய் மூன்று காலால் நடந்தது.

மாத்திரை கொடுத்தார்கள். மறுபடி வளர இடம் உண்டு, சத்தம் வந்தால் கொண்டுவாருங்கள், திரும்பத் திரும்ப வந்தால் காதுப் பக்கம் எலும்பைத் திறந்து பெரிய ஆபரேசன் செய்ய வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள். காம்பு காதிலிருந்து வந்ததால் அந்தப் பக்கத்து நரம்பு கொஞ்ச நாள் சோர்ந்துவிடுமாம். அதன்படியே ஒரு கண் பாதி மூடி, உள்ளேயிருந்து வெள்ளைச் சவ்வு எட்டிப் பார்த்தது. கடைக்கு வந்தவர்களுக்கு அதுவும் வேடிக்கை.

"அண்ணாச்சி, உங்க பூனை என்னையப் பாத்துக் கண்ணடிக்குது!"

"உன் பழைய பாக்கிய ஞாபகப்படுத்துது," என்று சொல்லி வைத்தேன். சில வாரங்களில் கண் சரியாகிவிட்டது. மீன் தலையை ஒரே மூச்சில் தின்றது. விலா எலும்பு மறைந்தது.

வீட்டு வாசல்படிச் சட்டம் திரும்ப வந்துவிட்டது. பூனை கடையில்தான் இருக்கிறது. ஆனால் என் மனைவி மத்தியானம் சோறு கொண்டுவரும்போது, தூக்குவாளியை மேசையில் வைத்துவிட்டு, பருத்திக்கொட்டை மூட்டையில் ஒட்டியிருக்கும் பஞ்சைக் கொஞ்சம் கிள்ளித் திரித்துக்கொண்டு மூட்டைப் பக்கம் போவாள். பூனை தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு துளைக்குப் பிடிப்பாள், பிறகு மற்றதற்கு. ரெண்டிலும் ஆடினால் பஞ்சை ஊதிவிட்டு, "சாப்புட வாங்க," என்று என்னைக் கூப்பிடுவாள்.